கப்பலேறிய ரக்பி: சுற்றுப்பயணங்களும் டெஸ்ட் போட்டிகளும் – ஓர் எளிய அறிமுகம்

டெஸ்ட் போட்டி என்றதும் நமக்கு ஐந்து நாள், வெள்ளைச் சட்டை, தேநீர் இடைவேளை என்றுதான் மனம் ஓடும். ரக்பியிலும் டெஸ்ட் உண்டு. ஆனால் 80 நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டு நாடுகளின் முதன்மை அணிகள் பக்கத்துக்கு 15 பேராக மோதினால் அது டெஸ்ட். உலகக் கோப்பை இறுதியாட்டமும் டெஸ்ட்தான், நவம்பர் குளிரில் டப்ளினிலோ எடின்பரோவிலோ கோப்பை எதுவும் இல்லாமல் நடக்கும் ஆட்டமும் டெஸ்ட்தான்.

ரக்பியே பார்த்திராதவர்களுக்கு இரண்டு வரி. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரணியின் கோட்டைத் தாண்டித் தரையில் வைத்தால் அது டிரை. பந்தைப் பக்கவாட்டிலோ பின்னாலோதான் கைமாற்றலாம், முன்னால் எறியக் கூடாது. இன்று டிரைக்கு 5 புள்ளி, அதைத் தொடர்ந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2, எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் பெனால்டி உதைக்கும், பந்தைத் தரையில் தட்டி எழும்பும்போது கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் டிராப் கோலுக்கும் தலா 3. முன்பு இப்படி இல்லை. நெடுங்காலம் டிரைக்கு 3 புள்ளிதான், 1971 முதல் 4, 1992 முதல்தான் 5. பழைய ஆட்டங்களில் 3-0, 9-3 என்ற எண்களைப் பார்த்து, சப்பென்று இருந்திருக்கும் போல என்று நினைத்துவிட வேண்டாம்.

எந்த ஆட்டம் டெஸ்ட் என்று யார் முடிவு செய்வது? கிரிக்கெட்டில் ஐசிசி ஒரு சில நாடுகளுக்கு மட்டும் டெஸ்ட் தகுதி தருகிறது. ரக்பியில் அப்படிப் பூட்டி வைத்த பட்டியல் இல்லை. அந்தந்த நாட்டு ரக்பி யூனியன் தன் வீரர்களுக்கு ‘கேப்’, அதாவது நாட்டுக்காக ஆடியதற்கான தொப்பி, கொடுத்தால் அவர்களுக்கு அது டெஸ்ட். இதனால் ஒரே ஆட்டம் ஒரு பக்கத்துக்கு டெஸ்டாகவும் மறுபக்கத்துக்கு வெறும் ஆட்டமாகவும் இருக்கும் வினோதமும் நடக்கும். 1976இல் கார்டிஃபில் அர்ஜென்டினாவிடம் தோற்கவிருந்த வேல்ஸ், கடைசி நேரப் பெனால்டியில் 20-19 என்று தப்பித்தது. அர்ஜென்டினாவின் கணக்கில் அது டெஸ்ட். வேல்ஸ் தன் வீரர்களுக்குத் தொப்பியே தரவில்லை. பெரிய அணிகள் சிறிய அணிகளை எந்த இடத்தில் வைத்திருந்தன என்பது இந்தத் தொப்பிக் கணக்கில் அப்பட்டமாகத் தெரியும்.

ரக்பிக்கு 1987 வரை உலகக் கோப்பையே கிடையாது. உலகத் தரவரிசை 2003இல்தான் வந்தது. பிரிட்டனில் இருப்பவர்கள் தங்களுக்குள் ஆண்டுதோறும் மோதிக்கொண்டார்கள், சரி. ஆனால் தெற்கே நியூசிலாந்தும் தென்னாப்பிரிக்காவும் ஆஸ்திரேலியாவும் எவ்வளவு நன்றாக ஆடுகின்றன என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, யாராவது மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறிப் போவதுதான். அதனால் ரக்பியின் நூறாண்டு வரலாறு என்பது பெரும்பாலும் சுற்றுப்பயணங்களின் வரலாறு. அந்தப் பயணத்தின் உச்சியில் வரும் சில சனிக்கிழமைகளே டெஸ்ட் போட்டிகள்.

பத்திரிகையில் வந்த சவால்

முதல் சர்வதேச ஆட்டத்துக்குக் காரணம் வயிற்றெரிச்சல். 1870இல் லண்டனில் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் கால்பந்து ஆட்டம் நடந்தது. ‘ஸ்காட்லாந்து’ என்று களமிறங்கியவர்களில் பெரும்பாலோர் லண்டனிலேயே குடியிருந்தவர்கள். இதைக் கண்டு கடுப்பான ஸ்காட்லாந்து ரக்பி கிளப்களின் தலைவர்கள் ஐந்து பேர், எங்கள் விதிப்படி, எங்கள் ஊரில், ஒரு கை பார்க்கத் தயாரா என்று பத்திரிகையில் சவால் விட்டார்கள். இங்கிலாந்து ஏற்றுக்கொண்டது. 1871 மார்ச் 27 அன்று எடின்பரோவின் ரேபர்ன் பிளேஸ் மைதானத்தில், சுமார் 4,000 பேர் பார்க்க, பக்கத்துக்கு 20 பேராக மோதினார்கள். ஸ்காட்லாந்து வென்றது.

அந்த ஆட்டத்தில் ஸ்காட்லாந்து வைத்த டிரை செல்லாது என்று இங்கிலாந்து வீரர்கள் வாதாடினார்கள். நடுவர்களில் ஒருவரான ஆல்மண்ட் ஒரு பள்ளித் தலைமையாசிரியர். சந்தேகம் வரும்போது அதிகமாகக் கூச்சல் போடும் அணிக்கு எதிராகத் தீர்ப்பு சொல்வது நியாயமே, ஏனெனில் தவறு அவர்கள் பக்கமாகத்தான் இருக்கும் என்று பின்னாளில் எழுதினார். வகுப்பறை அனுபவம்!

இதே போன்ற ஒரு தகராறு 1884இல் முற்றிப் போனது. ஒரு டிரை செல்லுமா செல்லாதா என்பதில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் முறைத்துக்கொண்டு, அடுத்த ஆண்டு ஆடவே இல்லை. விதிகளுக்குப் பொதுவான ஓர் இடம் வேண்டும் என்று ஸ்காட்லாந்தும் அயர்லாந்தும் வேல்ஸும் 1886இல் சர்வதேச ரக்பி வாரியத்தை உருவாக்கின. இங்கிலாந்து 1890 வரை அதில் சேர மறுத்தது. இன்று வேர்ல்ட் ரக்பி என்ற பெயரில் இயங்கும் அமைப்பின் தொடக்கம் அதுதான்.

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் ஆண்டுதோறும் மோதிக்கொள்ளும் கல்கத்தா கோப்பைக்கு நம் பக்கத்துக் கதை ஒன்று உண்டு. 1873இல் தொடங்கிய கல்கத்தா ரக்பி கிளப், உறுப்பினர்கள் போலோவுக்கும் டென்னிஸுக்கும் நழுவிவிட, ஐந்தாறு ஆண்டுகளில் மூடப்பட்டது. வங்கியில் மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கி, நாகப்பாம்பு வடிவக் கைப்பிடிகளும் மூடியில் யானையுமாக ஒரு கோப்பை செய்து இங்கிலாந்து யூனியனுக்கு அனுப்பினார்கள். 1879 முதல் அதற்காக ஆடுகிறார்கள். 1988இல் வெற்றிக் கொண்டாட்டத்தில் இரண்டு அணி வீரர்களும் சேர்ந்து எடின்பரோ தெருக்களில் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்து நசுக்கியே விட்டார்கள் என்பது கொசுறுச் செய்தி.

முதல் பயணம் ஒரு வியாபாரம்

1888இல் பிரிட்டனிலிருந்து நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் முதல் ரக்பி அணி கிளம்பியது. ஏற்பாடு செய்தவர்கள் ரக்பிக்காரர்களே அல்லர். ஆல்ஃபிரட் ஷா, ஆர்தர் ஷ்ரூஸ்பரி என்ற இரண்டு கிரிக்கெட் வீரர்கள். ஆஸ்திரேலியாவுக்குக் கிரிக்கெட் அணியைக் கூட்டிப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டவர்கள், ரக்பியில் அந்தப் பணத்தைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். கூட்டம் சேரும் என்பதற்காக 35 ரக்பி ஆட்டங்களோடு, தங்களுக்கு அறவே தெரியாத விக்டோரியா மாகாணக் கால்பந்திலும் 19 ஆட்டங்களை வீரர்கள் தலையில் கட்டினார்கள். பாதிப் பயணத்தில், ஆகஸ்ட் மாதம், அணித் தலைவர் ராபர்ட் செடன் மெய்ட்லாந்து ஊரருகே ஹண்டர் ஆற்றில் படகு கவிழ்ந்து இறந்துபோனார். அவரை அங்கேயே அடக்கம் செய்துவிட்டுப் பயணம் தொடர்ந்தது. தலைமை ஏற்ற ஆண்ட்ரூ ஸ்டொடார்ட் பின்னாளில் இங்கிலாந்துக் கிரிக்கெட் அணிக்கும் தலைவரானார். இந்தப் பயணத்தில் டெஸ்ட் எதுவும் கிடையாது. இங்கிலாந்து யூனியன் அங்கீகாரமும் கொடுக்கவில்லை.

அதே ஆண்டு எதிர்த் திசையிலும் ஓர் அணி கிளம்பியது. ஜோ வார்ப்ரிக் திரட்டிய நியூசிலாந்து நேட்டிவ்ஸ். பெரும்பாலும் நியூசிலாந்தின் பூர்வகுடியான மாவோரி வீரர்கள். 1888-89இல் இவர்கள் ஆடிய ரக்பி ஆட்டங்கள் 107. அதில் 74 பிரிட்டனிலும் அயர்லாந்திலும். வாரத்துக்கு மூன்று ஆட்டம் என்று காயத்தோடு காயமாக ஆடி, 78இல் வென்றார்கள். கறுப்புச் சட்டை, வெள்ளிப் பெரணி இலைச் சின்னம், ஆட்டத்துக்கு முன் ஹாக்கா என்ற மாவோரி நடனம். இன்று நியூசிலாந்து என்றாலே கண்ணில் வரும் எல்லாவற்றையும் பிரிட்டனுக்கு முதலில் கொண்டு போய்க் காட்டியவர்கள் இவர்கள். ஆனால் மக்கள் நினைவில் நின்றது பதினேழு ஆண்டு கழித்து வந்த இன்னோர் அணி.

டெஸ்ட் போட்டிகளோடு கூடிய முழுச் சுற்றுப்பயணம் 1891இல்தான் தொடங்குகிறது. பிரிட்டிஷ் அணியைத் தென்னாப்பிரிக்கா அழைத்தது. நஷ்டம் வந்தால் நான் ஈடுகட்டுகிறேன் என்று பொறுப்பேற்றவர் கேப் காலனியின் பிரதமர் செசில் ரோட்ஸ். பேரரசுக்கும் விளையாட்டுக்கும் உள்ள உறவை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. 20 ஆட்டங்கள், மூன்று டெஸ்ட், எல்லாமே பிரிட்டிஷ் அணிக்கு வெற்றி. பயணம் முழுவதிலும் அவர்கள் விட்டுக்கொடுத்தது ஒரே ஒரு புள்ளி. ஆனால் சீடர்கள் வேகமாகக் கற்றார்கள். 1896இல் தென்னாப்பிரிக்கா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. ஒரு கிளப்பிடம் பச்சைச் சட்டைகளை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு ஆடிய அந்த ஆட்டம்தான் ஸ்பிரிங்பாக்ஸ் எனப்படும் தென்னாப்பிரிக்க அணியின் பச்சை நிறத்துக்குத் தொடக்கம். 1903இல் தொடரையே வென்றது. அதற்குப் பிறகு பிரிட்டிஷ் அணி அந்த மண்ணில் ஒரு தொடரை வெல்ல 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1905: ஒரே ஒரு தோல்வி

எந்தச் சுற்றுப்பயணத்தைப் பற்றி மட்டும் படித்தால் போதும் என்று யாராவது கேட்டால் ஆல் பிளாக்ஸ் எனப்படும் நியூசிலாந்து அணியின் 1905-06 பிரிட்டன் பயணம் என்பேன். செப்டம்பரில் முதல் ஆட்டத்திலேயே டெவன் மாவட்ட அணியை 55-4 என்று நசுக்கினார்கள். தந்தி வழியே வந்த எண்ணைப் பார்த்த பத்திரிகை அலுவலகங்கள் தட்டச்சுப் பிழை என்று நினைத்தனவாம். எண்ணை மாற்றிப் போட்ட இதழ்களும் உண்டு என்பார்கள். அதன் பிறகு ஊர் ஊராக இதே கதைதான். ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்து மூன்றும் டெஸ்டில் விழுந்தன.

அணித் தலைவர் டேவ் கல்லாஹர், அயர்லாந்தின் டோனிகால் மாவட்டத்தில் பிறந்து சிறுவனாக நியூசிலாந்துக்குப் போனவர். ஸ்க்ரமில், அதாவது இரண்டு அணிகளும் தோள் கோத்து முட்டிப் பந்துக்காகத் தள்ளும் இடத்தில், எட்டுப் பேர் முட்டுவதுதான் வழக்கம் என்றிருந்தபோது, நியூசிலாந்து ஏழு பேரை மட்டும் நிறுத்தி, எட்டாமவரான கல்லாஹரை வெளியே உலவ விட்டது. இது ஏமாற்று வேலை என்று பிரிட்டிஷ் பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. ஓர் ஊரில் வளர்ந்த ஆட்டமுறை இன்னோர் ஊரின் ஆட்டமுறையோடு நேருக்கு நேர் மோதும் இடமாகச் சுற்றுப்பயணம் இருந்தது. தொலைக்காட்சி இல்லாத காலம். எதிரணி எப்படி ஆடும் என்பது அது வந்து இறங்கிய பிறகே தெரியும்.

டிசம்பர் 16, கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க். ஹாக்கா முடிந்ததும் வேல்ஸ் வீரர் டெடி மார்கன் வேல்ஸின் நாட்டுப் பாடலைத் தொடங்க, மொத்தக் கூட்டமும் சேர்ந்து பாடியது. விளையாட்டுக்கு முன் நாட்டுப்பாடல் பாடும் வழக்கத்தின் முதல் நிகழ்வாக இதைத்தான் சொல்கிறார்கள். அதே மார்கன் ஒரு டிரை வைத்தார். ஆட்டம் முழுவதிலும் புள்ளி விழுந்தது அந்த ஒரு முறைதான். இரண்டாம் பாதியில் நியூசிலாந்தின் பாப் டீன்ஸ் கோட்டைத் தாண்டி விழுந்தார். ஸ்காட்லாந்துக்காரரான நடுவர் ஜான் டல்லஸ் சாதாரண உடையில், சற்றுப் பின்தங்கி ஓடி வந்து சேர்வதற்குள், வேல்ஸ் வீரர்கள் அவரைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இழுத்துவிட்டார்கள் என்பது நியூசிலாந்தின் வாதம். இழுக்கவே இல்லை, எட்டவில்லை என்பது வேல்ஸின் வாதம். டிரை இல்லை என்று தீர்ப்பு. 3-0. மறுநாள் டீன்ஸ் ஒரு லண்டன் நாளிதழுக்குத் தந்தி அடித்தார்: நான் டிரை வைத்தேன் என்று. 35 ஆட்டங்களில் 976 புள்ளி குவித்து 59 மட்டுமே கொடுத்த அணிக்கு இது ஒன்றே தோல்வி. டீன்ஸ் 1908இல் இளம் வயதிலேயே இறந்தார். கல்லாஹர் 1917இல் பாஷண்டேல் போர்க்களத்தில் உயிர்விட்டார். அந்த டிரை இருந்ததா இல்லையா என்ற சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை.

இந்தப் பயணத்தில் பணக் கதை ஒன்றும் இருக்கிறது. ரக்பி அப்போது கண்டிப்பான அமெச்சூர் விளையாட்டு. வேலைக்கு விடுப்பு எடுத்து ஆடும் தொழிலாளிகளுக்குக் கூலி இழப்பை ஈடுகட்டலாமா என்ற சண்டையில்தான் 1895இல் வட இங்கிலாந்துக் கிளப்கள் பிரிந்துபோய் ரக்பி லீக் என்ற தனி விளையாட்டு பிறந்தது. அந்தச் சூழலில் ஆல் பிளாக்ஸ் வீரர்களுக்குச் செலவுக்காக நாளொன்றுக்கு மூன்று ஷில்லிங் தரப்பட்டது தெரிந்ததும் ஸ்காட்லாந்து கொதித்தது. அதே ஸ்காட்லாந்துதான், உத்தரவாதத் தொகை தர விருப்பமில்லாமல், டிக்கெட் வசூலை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று நியூசிலாந்திடம் சொல்லியிருந்தது. கூட்டம் அலைமோதியது, நியூசிலாந்துக்கு நல்ல வரும்படி. எத்தனை காலத்துக்கு அந்தக் கடுப்பு நீடித்தது என்று கேட்கிறீர்களா? 1924-25இல் நியூசிலாந்தின் ‘இன்வின்சிபிள்ஸ்’ அணி ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் பிரிட்டனைச் சுற்றி வந்தபோதும் ஸ்காட்லாந்து அவர்களோடு ஆடவில்லை.

டெஸ்டுக்கு நடுவே

சுற்றுப்பயணத்தின் அமைப்பு இதுதான். அணி ஒரு நாட்டில் இறங்கும். சனிக்கிழமையும் புதன்கிழமையுமாக உள்ளூர் மாவட்ட, மாகாண அணிகளோடு ஆடிக்கொண்டே நகரும். மூன்று அல்லது நான்கு சனிக்கிழமைகளில் டெஸ்ட். முப்பது வீரர்கள் போவார்கள். டெஸ்டுக்குத் தேர்வாகாதவர்கள் வாரநடு ஆட்டங்களில் உயிரைக் கொடுத்து ஆடி இடம்பிடிக்கப் பார்ப்பார்கள். உள்ளூர் அணிக்கோ இது வாழ்நாளில் ஒருமுறை வரும் வாய்ப்பு.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து நான்கும் சேர்ந்து அனுப்பும் அணிக்கு ‘லயன்ஸ்’ என்ற பெயர் 1924 தென்னாப்பிரிக்கப் பயணத்தில் ஒட்டிக்கொண்டது. வீரர்களின் கழுத்துப்பட்டையில் சிங்கம் இருந்தது. ஒரு நாடே அல்லாத இந்த அணி ஆடுவது டெஸ்ட் என்று ஏற்கப்படுகிறது. 1950இல் லயன்ஸ் கப்பலில் நியூசிலாந்துக்குப் போய்வர ஏறத்தாழ ஆறு மாதம் ஆனது. திரும்பும் வழியில் கொழும்பில் இறங்கி இலங்கை அணியோடும் ஆடி 44-6 என்று வென்றார்கள். பிராட்பி கேடயத்துக்காகக் கண்டி டிரினிட்டியும் கொழும்பு ரோயலும் மோதுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. அந்தத் தீவில் ரக்பிக்கு வேர் ஆழம். 1977இல் இதே போலத் திரும்பும் வழியில் ஃபிஜியில் இறங்கிய லயன்ஸ், அங்கே 25-21 என்று தோற்றுவிட்டுத்தான் ஊர்போய்ச் சேர்ந்தது.

1955இல் விமானம் வந்தது. தென்னாப்பிரிக்காவுக்கு லயன்ஸ் பறந்து போன அந்த ஆண்டு, ஜோஹன்னஸ்பர்கின் எல்லிஸ் பார்க்கில் முதல் டெஸ்டை ஏறக்குறைய 95,000 பேர் பார்த்தார்கள். லயன்ஸ் 23-22. தென்னாப்பிரிக்காவின் கடைசி உதை கம்பத்துக்குள் போயிருந்தால் தோல்வி. 1971 லயன்ஸ், கார்வின் ஜேம்ஸின் பயிற்சியிலும் பாரி ஜானின் காலிலும் நம்பிக்கை வைத்துப் போய், நியூசிலாந்தில் தொடரை வென்றது. இன்றுவரை அங்கே லயன்ஸ் வென்ற ஒரே தொடர் அது. 1974இல் வில்லி ஜான் மெக்பிரைட் தலைமையில் தென்னாப்பிரிக்காவில் 22 ஆட்டங்கள்: 21 வெற்றி, கடைசி டெஸ்ட் மட்டும் சமன்.

ஆனால் எனக்குப் பிடித்தவை டெஸ்டுகளைவிட அந்த வாரநடு ஆட்டங்கள்தாம். 1972 அக்டோபர் 31 அன்று தென்மேற்கு வேல்ஸின் லனெத்லி என்ற தொழிலாளர் ஊர் ஆல் பிளாக்ஸை 9-3 என்று சாய்த்தது. ஊரில் இருந்த மதுக்கடைகளில் சரக்கே தீர்ந்துபோனதாகச் சொல்வார்கள். ஆறு ஆண்டு கழித்து, அதே அக்டோபர் 31, அயர்லாந்தின் லிமெரிக் நகரில் மன்ஸ்டர் மாகாண அணி ஆல் பிளாக்ஸை 12-0 என்று வென்றது. அந்த நியூசிலாந்து அணி நான்கு பிரிட்டிஷ், ஐரிஷ் நாடுகளையும் டெஸ்டில் வீழ்த்திவிட்டுத்தான் ஊர் திரும்பியது, அதுவும் முதன்முறையாக. ஆனால் நான்கு டெஸ்டிலும் பெறாத அடியை ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் வாங்கியது. அந்த அணியின் தலைவர் கிரஹம் மூரி. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

யாரை அழைப்பது, யாரை விடுவது

சுற்றுப்பயணம் என்பது அடிப்படையில் ஓர் அழைப்பு. ஒருவர் கூப்பிட, இன்னொருவர் போகிறார். விருந்துக்குக் கூப்பிடுகிறவர், உன் வீட்டில் இன்னாரை மட்டும் விட்டுவிட்டு வா என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? வெள்ளையர் ஆட்சியில் நிறவெறி நிலவிய தென்னாப்பிரிக்கா, மாவோரிகளை விட்டுவிட்டு வா என்று நியூசிலாந்திடம் அதைத்தான் சொன்னது. நியூசிலாந்து யூனியன் பல பத்தாண்டுகள் தலையாட்டியது.

1928இல் தென்னாப்பிரிக்கா கிளம்பிய ஆல் பிளாக்ஸில், அந்த நாளின் மிகச் சிறந்த வீரர்களில் ஒருவரான ஜார்ஜ் நேப்பியா இல்லை. அவர் மாவோரி. 1949இலும் அப்படியே, வெள்ளையர் மட்டும். அந்த ஆண்டு ஒரு விசித்திரம் நடந்தது. முப்பது பேர் தென்னாப்பிரிக்காவில் இருக்க, ஆஸ்திரேலியா நியூசிலாந்துக்கு வந்துவிட்டது. மிச்சமிருந்தவர்களைக் கொண்டு இன்னோர் அணி. செப்டம்பர் 3 அன்று ஒன்று டர்பனிலும் மற்றொன்று வெலிங்டனிலும் தோற்க, ஒரே நாளில் இரண்டு டெஸ்டில் தோற்ற நாடு என்ற பெயர் நியூசிலாந்துக்கு வந்தது. 1960இல் “மாவோரி இல்லையேல் பயணம் இல்லை” என்று 1,50,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அப்போதும் மாவோரி இல்லாமலே போனார்கள். 1970இல் மாவோரி, சமோவா வம்சாவளி வீரர்களுக்கு ‘கௌரவ வெள்ளையர்’ என்ற பெயர் சூட்டித் தென்னாப்பிரிக்கா உள்ளே விட்டது. அவமானத்தைக் கௌரவம் என்று பெயர் மாற்றியதுதான் மிச்சம்.

தென்னாப்பிரிக்காவின் சொவெட்டோவில் போராடிய கறுப்பினப் பள்ளி மாணவர்கள் சுடப்பட்ட சில வாரங்களில், 1976இல், ஆல் பிளாக்ஸ் மீண்டும் தென்னாப்பிரிக்கா போனது. அதைக் கண்டித்து, நியூசிலாந்து பங்கேற்கும் மான்ட்ரியல் ஒலிம்பிக்கைவிட்டு இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள், பெரும்பாலும் ஆப்பிரிக்க நாடுகள், விலகின. ரக்பி ஒலிம்பிக்கிலேயே இல்லாத காலம் அது.

1981இல் ஸ்பிரிங்பாக்ஸ் நியூசிலாந்துக்கு வந்தது. விளையாட்டு அமைப்புகளின் முடிவில் அரசு தலையிடாது என்று பிரதமர் மல்டூன் கைகழுவிவிட்டார். கிரஹம் மூரி, ஆல் பிளாக்ஸின் தலைவர், இந்த அணியோடு ஆட மாட்டேன் என்று ஒதுங்கிக்கொண்டார். ரக்பிதான் மதம் என்றிருந்த நாட்டில் அதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! வீடுகளுக்குள் அப்பனும் மகளும் பேச்சு நிறுத்தினார்கள். மைதானங்களைச் சுற்றி முள்கம்பி. ஜூலை 25 அன்று ஹாமில்டனில் முன்னூறுக்கும் மேற்பட்ட போராட்டக்காரர்கள் வேலியை உடைத்து ஆடுகளத்தின் நடுவே கைகோத்து நின்றார்கள். யாரோ ஒருவர் சிறு விமானத்தை எடுத்துக்கொண்டு மைதானத்தை நோக்கி வருகிறார் என்ற செய்தியும் வர, காவல்துறை ஆட்டத்தை ரத்து செய்தது. பார்க்க வந்த கூட்டம் ஆத்திரத்தில் போராட்டக்காரர்களை அடித்தது. தென்னாப்பிரிக்காவில் விடியற்காலையில் எழுந்து நேரலைக்காகத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த வெள்ளையர்கள் பார்த்தது இதைத்தான்.

தொடர் 1-1 என்று சமனாகி, செப்டம்பர் 12 அன்று ஆக்லாந்தின் ஈடன் பார்க்கில் மூன்றாவது டெஸ்ட். ஒரு செஸ்னா விமானம் தாழப் பறந்து பறந்து மைதானத்தின் மேல் மாவுப் பொட்டலங்களைப் போட்டுக்கொண்டே இருந்தது. ஒரு பொட்டலம் தலையில் விழுந்து நியூசிலாந்து வீரர் கேரி நைட் சரிந்தார். ஆட்டம் நிற்கவில்லை. கடைசி நொடிகளில் ஆலன் ஹியூசன் உதைத்த பெனால்டியில் 25-22. தொடர் நியூசிலாந்துக்கு. டெஸ்ட் வரலாற்றில் இவ்வளவு நல்ல ஆட்டமும் இவ்வளவு அசிங்கமான சூழலும் ஒன்றாக அமைந்தது வேறெங்கும் இல்லை என்றே நினைக்கிறேன். தென்னாப்பிரிக்கா அங்கிருந்து அமெரிக்கா போனது. போராட்டத்துக்குப் பயந்து, நியூயார்க் மாநிலத்தின் க்ளென்வில் என்ற சிற்றூரில், யாருக்கும் சொல்லாமல் டெஸ்ட் நடத்தினார்கள். பார்வையாளர்கள் முப்பது பேர் அளவில் இருந்திருப்பார்கள். அதுவும் டெஸ்ட் என்றே பதிவேட்டில் இருக்கிறது.

அதன் பிறகு கதவுகள் மூடின. 1985இல் கிளப் உறுப்பினர்களான இரண்டு வழக்கறிஞர்கள் நீதிமன்றம் போய் ஆல் பிளாக்ஸின் பயணத்தைத் தடுத்தார்கள். தேர்வான முப்பது பேரில் இருவர் தவிர மற்றவர்கள் அடுத்த ஆண்டு ‘கேவலியர்ஸ்’ என்ற பெயரில் அனுமதியின்றிப் போனார்கள். போகாத இருவரில் ஒருவரான டேவிட் கர்க், 1987இல் முதல் உலகக் கோப்பையைக் கையில் ஏந்திய நியூசிலாந்துத் தலைவர். தென்னாப்பிரிக்கா 1992 ஆகஸ்டில்தான் டெஸ்டுக்குத் திரும்பியது. 1995 உலகக் கோப்பை இறுதியில் நியூசிலாந்தை 15-12 என்று வென்றதும், மண்டேலா அணித் தலைவர் பியெனாரின் ஆறாம் எண் சட்டையை அணிந்து வந்ததும் பலருக்கும் தெரிந்த கதை.

இப்போது

அந்த இறுதியாட்டத்துக்கு முந்தின நாள், தெற்கின் மூன்று யூனியன்களும் ரூபர்ட் மர்டாக்கின் நிறுவனத்தோடு பத்தாண்டுக்கு 55.5 கோடி டாலர் ஒளிபரப்பு ஒப்பந்தத்தை அறிவித்தன. ஆகஸ்ட் இறுதியில் அமெச்சூர் விதி நீக்கப்பட்டது. மூன்று ஷில்லிங்குக்கு ஊரைக் கூட்டிய விளையாட்டில் சம்பளம் வந்துவிட்டது. சம்பளம் கொடுக்கும் கிளப், வீரரை நான்கு மாதம் அனுப்பி வைக்குமா? வேர்ல்ட் ரக்பி ஆண்டில் சில வாரங்களை ஒதுக்கித் தந்தது: ஜூலையில் வடக்கு அணிகள் தெற்கே போகும், நவம்பரில் தெற்கு வடக்கே வரும். அந்த வாரங்களில் கிளப்கள் வீரரை விட்டே ஆக வேண்டும். விமானத்தில் வந்து, மூன்று சனிக்கிழமை மூன்று டெஸ்ட், திரும்பிப் போய்விடுவது. உள்ளூர் அணிகளோடு வாரநடு ஆட்டம் ஏறக்குறைய மறைந்துபோனது.

லயன்ஸ் மட்டும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பழைய வழக்கத்தைக் காப்பாற்றி வருகிறது, தேய்ந்துகொண்டே. 1959இல் 33 ஆட்டங்கள், 1971இல் 26, 1997இல் 13, 2017இல் 10. 2025இல் ஆஸ்திரேலியாவில் 2-1 என்று தொடரை வென்றபோது, மெல்பர்ன் டெஸ்டுக்கு வந்த கூட்டம் 90,000ஐத் தாண்டியது. பெண்கள் ரக்பியின் முதல் டெஸ்ட் 1982இல் உட்ரெக்டில், பிரான்சுக்கும் நெதர்லாந்துக்கும் நடந்தது. பெண்கள் லயன்ஸின் முதல் பயணம் 2027இல் நியூசிலாந்துக்கு என்று அறிவித்திருக்கிறார்கள்.

யார் வீட்டுக்கு யார் போவது என்ற கேள்வி இன்றும் தீரவில்லை. நியூசிலாந்துக்கு எத்தனையோ வீரர்களைத் தந்த சமோவாவில் ஆல் பிளாக்ஸ் தன் முதல் டெஸ்டை ஆடியது 2015இல்தான். 2026இல் தொடங்கும் நேஷன்ஸ் சாம்பியன்ஷிப், ஜூலை நவம்பர் ஆட்டங்களையெல்லாம் 12 அணிகளின் ஒரே புள்ளிப் பட்டியலில் கட்டிவிடுகிறது. அதில் ஃபிஜியும் ஜப்பானும் உண்டு, சமோவாவும் டோங்காவும் இல்லை. சாதாரண நவம்பர் டெஸ்டுக்குப் பொருள் கிடைக்கும் என்பது ஏற்பாட்டாளர்களின் வாதம். பட்டியலுக்கு வெளியே நிற்பவர்களை யார் தேடிப் போவார்கள் என்பது என் கவலை.

அதே 2026இல் ஆல் பிளாக்ஸ் தென்னாப்பிரிக்காவுக்குப் பழைய பாணியில் ஒரு பயணம் போகிறது: மூன்று டெஸ்ட், இடையிடையே உள்ளூர் அணிகளோடு நான்கு ஆட்டங்கள், நான்காவது டெஸ்ட் மட்டும் வசூலை உத்தேசித்து அமெரிக்காவின் பால்டிமோரில். புதிதாக ரக்பி பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை: டெஸ்டுகளை எப்படியும் பார்த்துவிடுவீர்கள், கேப் டவுனிலும் டர்பனிலும் நடக்கும் உள்ளூர் ஆட்டங்களைத் தவறவிடாதீர்கள். லனெத்லியிலும் லிமெரிக்கிலும் நடந்தது அங்கேதான் மறுபடி நடக்க வாய்ப்பிருக்கிறது.